வாசகர் கேள்வி - பதில்: அம்மாச்சியின் பிள்ளை வீடு

சென்ற இதழில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது, சாத்தூரில் என் அம்மாச்சி 1967 முதல் 1993 வரை வீட்டிலேயே ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்தி வந்தார் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பல கடிதங்கள் வந்துவிட்டன. சொந்தக் கதையைப் பேசுவதற்கு இந்தப் பகுதி இடமில்லை என்பது என் வழக்கமான கொள்கையென்றாலும், கேட்டவர்களின் கேள்விகள் கூர்மையாக இருப்பதால் இந்த மாதம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

*கேள்வி: அந்தக் காலத்தில், அதுவும் ஒரு சிறிய ஊரில், உங்கள் பாட்டிக்குக் காப்பகம் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் எப்படி வந்தது? (வாசகி, விருதுநகர்)*

எண்ணம் என்று பெரிதாக எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. முதலில் இருந்தது பணமுடை. என் தாத்தா சாத்தூரில் ஒரு பேனா நிப்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரு காலத்தில் சாத்தூர் என்றால் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும் நினைவுக்கு வருவதைப் போலவே பேனா நிப்பும் நினைவுக்கு வரும். பால்பாயிண்ட் பேனா பரவப் பரவ அந்தத் தொழில் கொஞ்சம் கொஞ்சமாக நசிந்தது, தாத்தாவுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைப்பதே பெரிய பாடாகிப் போனது. என் அம்மா அப்போதுதான் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தார். அவருடைய வகுப்பில் மூன்றாவது படித்த ஒரு சிறுமி, வாய்ப்பாட்டைத் தலைகீழாகவும் ஒப்பிக்கக் கூடியவள், திடீரென்று கைக்குழந்தையான தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வரத் தொடங்கினாள். தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டாள், வீட்டில் வேறு ஆள் இல்லை. (எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள், வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டுக் குழம்புவதுண்டு.) குழந்தை அழுததால் தலைமையாசிரியர் சிறுமியைத் திருப்பி அனுப்பினார், அவளும் வருவதை நிறுத்திவிட்டாள்.

அன்றிரவு சோறு போடும்போது அம்மா இதைச் சொல்லி வருத்தப்பட, அம்மாச்சி, "அந்தப் பயல இங்க கொண்டாந்து போடச் சொல்லு, கிடந்துட்டுப் போறான் ஒரு மூலையில" என்றாராம். அதுதான் தொடக்கம். அந்தப் பயல் வந்து இரண்டு வாரத்திற்குள் அதே தெருவிலிருந்து இன்னும் மூன்று குழந்தைகள் வந்தன. தீப்பெட்டி ஆபீசில் சனிக்கிழமை கூலி போடுவார்கள் என்பதால், தாய்மார்களும் சனிக்கிழமைதோறும் ஒரு குழந்தைக்கு இரண்டு ரூபாய் என்று கொடுத்துப் போவார்கள். பிற்காலத்தில் அது பத்து ரூபாய் வரை ஏறியது. கொடுக்க முடியாதவர்களிடம் அம்மாச்சி கேட்டதில்லை என்று சொன்னால் படிக்க அழகாக இருக்கும், ஆனால் உண்மை அதுவன்று. நன்றாகவே கேட்பார், கடனாகக் குறித்துக்கொண்டு தீபாவளி போனசின்போது வசூலித்தும் விடுவார்.

ஆனால் பணத்தைத் தவிர இன்னொரு நிபந்தனையும் வைத்திருந்தார். குழந்தையைக் கொண்டுவந்து விட வேண்டுமென்றால் அந்தக் குழந்தையின் அக்கா பள்ளிக்கூடம் போக வேண்டும். இதற்காக நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் இடப்பக்கம் குழந்தையின் பெயரும், வலப்பக்கம் அக்காவின் பெயரும் அவள் படிக்கும் வகுப்பும் எழுதி வைத்தார். அம்மாச்சி ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். எழுத்துகள் ஒவ்வொன்றும் கோலப்புள்ளி போல இடைவெளி விட்டு நிற்கும். அந்த நோட்டு இப்போது என் மேசையில்தான் இருக்கிறது.

*கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டங்களில் இத்தகைய இடத்தைப் பிள்ளைக்காம்பரா என்பார்கள். உங்கள் ஊரில் என்ன பெயர்? (வாசகர், ஹட்டன், இலங்கை)*

எங்கள் தெருவில் அதற்குப் 'பிள்ளை வீடு' என்று பெயர். காப்பகம் என்ற சொல்லை நான் இந்தப் பத்தியில் எழுதுகிறேனே தவிர, அம்மாச்சி ஒருநாளும் சொன்னதில்லை; வாசலில் பலகையும் இருந்ததில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபின் ஓர் ஒற்றுமை தோன்றியது. கொழுந்து பறிக்கும் தாய்க்கும் தீப்பெட்டி ஒட்டும் தாய்க்கும் விடியற்காலையில் வருகிற கவலை ஒன்றுதான், ஆனால் தேயிலைத் தோட்டத்தில் அந்த அறை நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது, சாத்தூரில் ஒரு கிழவியின் பட்டாசாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், இருந்தது.

*கேள்வி: ஒரே ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்? சாப்பாடு, தூக்கம், நோய் எல்லாவற்றையும் எப்படிச் சமாளித்தார்? விரிவாக எழுதவும். (வாசகி, கோவில்பட்டி)*

சராசரியாகப் பன்னிரண்டு குழந்தைகள். பள்ளி விடுமுறைக் காலத்தில் குறையும், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் கூடும். உதவிக்கு ஓர் அத்தை இருந்தார், அவர் அம்மாச்சியைவிட மூத்தவர், காது கேட்காது. குழந்தைகள் அழுவதால் அவருக்கு எரிச்சலே வந்ததில்லை.

பட்டாசாலை உத்திரத்தில் ஏழு இரும்பு வளையங்கள் இருந்தன. அவற்றில் ஆறில் தூளி கட்டுவார். ஒவ்வொரு தாயும் தான் உடுத்திப் பழகிய பழைய நூல் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும், அதைத் துவைக்காமல் கொடுக்க வேண்டும். தாயின் வாடை இருந்தால் புது இடத்திலும் குழந்தை அடங்கிப் படுக்கும் என்பது அவருடைய அனுபவம். ஆறு தூளிகளையும் ஒரு மெல்லிய கயிற்றால் ஒன்றோடொன்று இணைத்து, அதன் நுனியைத் தன் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். விரலை அசைத்தால் ஆறும் ஆடும். பன்னிரண்டு குழந்தைகளுக்கு ஆறு தூளி என்பதால் தூக்கம் இரண்டு பந்தி. முதல் பந்தி தூங்கும்போது மற்றவை நடைவண்டியும் சொப்புச்சாமானுமாகத் திண்ணையில் இருக்கும்.

காலையில் கேப்பைக் கூழ், மதியம் குழைய வடித்த சோற்றில் பருப்பும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும், மாலையில் பொரிகடலை மாவில் கருப்பட்டி. தண்ணீர்தான் பெரிய பாடு. வைப்பாறு எங்கள் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும், மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு வர வேண்டும். கொண்டுவந்த தண்ணீரை வடிகட்டிக் கொதிக்க வைத்துத்தான் குழந்தைகளுக்குக் கொடுப்பார். கிருமியைப் பற்றி அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சமரசமே செய்துகொள்ளவில்லை.

பகல் பன்னிரண்டரைக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைகளின் தாய்மார் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். தீக்குச்சி மருந்து கையில் ஒட்டியிருக்கும், பெட்டி ஒட்டுகிறவர்களுக்குப் பசை காய்ந்து விரலிடுக்கில் வெள்ளையாக நிற்கும். வாசலில் ஒரு மண்சட்டியில் தண்ணீரும் பக்கத்தில் சிகைக்காய்ப் பொடியும் வைத்திருப்பார். "மருந்துக் கையோட பிள்ளையத் தொடாத" என்று அவர் சொல்வது தெருமுனை வரை கேட்கும். குரோஸ் (பன்னிரண்டு டஜன்) கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு என்பதால் சிலர் முணுமுணுப்பார்கள். கழுவாமல் யாரும் உள்ளே போனதை நான் பார்த்ததில்லை.

தட்டம்மை வந்த குழந்தையை அம்மன் வந்திருக்கிறாள் என்று மஞ்சளும் வேப்பிலையுமாக மரியாதை செய்துதான் அனுப்புவார், ஆனால் மூன்று வாரத்திற்கு உள்ளே சேர்க்க மாட்டார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடி வெள்ளியில் நேர்ந்துகொள்வதும், நகராட்சி ஆஸ்பத்திரியில் முத்தடுப்பு ஊசி போட்ட சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் அவருக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியவில்லை.

தவறு நடந்ததே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1974 என்று நினைவு, இரண்டு வயதுப் பையன் ஒருவன் மதியத் தூக்க நேரத்தில் எழுந்து வெளியே நடந்துவிட்டான். தெருவே தேடியது. கடைசியில் ரயில் நிலையத்தில், வண்டிக்காகக் கூடையோடு காத்திருந்த வெள்ளரிக்காய் விற்கும் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்தத் தாய் மறுநாளும் அவனைக் கொண்டுவந்து விட்டாள்; அவளுக்கு வேறு வழியும் இல்லை. அம்மாச்சி அன்றே கொல்லரை அழைத்து வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டார், அதன்பிறகு பல மாதங்கள் மதியம் அவர் கண் அயர்ந்ததில்லை.

*கேள்வி: குழந்தைகள் தூங்குவதற்கு வசம்பு, உரைமருந்து போன்றவற்றைக் கொடுத்தாரா? என் ஆறு மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? (வாசகி, சென்னை)*

உரைமருந்து கொடுத்தார், அன்று கொடுக்காத வீடு இல்லை. அதைப் பார்த்து நீங்கள் கொடுக்க வேண்டாம். குழந்தை மருத்துவர்கள் இன்று வசம்பைக் கூடாது என்றே சொல்கிறார்கள், முதல் ஆறு மாதத்திற்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் தேவையில்லை என்கிறார்கள். அம்மாச்சியின் பக்குவங்களில் உங்களுக்குப் பயன்படக்கூடியது அந்தத் துவைக்காத சேலைதான்.

*கேள்வி: தொழிற்சாலையில் பெண்கள் வேலை பார்த்தால் முதலாளியே குழந்தைகளுக்கு இடம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லையா? சத்துணவுத் திட்டம் வந்தபின் உங்கள் பாட்டியின் வேலை குறைந்ததா? (வாசகர், மதுரை)*

சட்டம் அப்போதே இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 48ஆவது பிரிவில் குழந்தைகள் அறையைக் கட்டாயமாக்கியது. முதலில் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கு என்று இருந்ததை, 1976இல் முப்பது பெண்களுக்கு மேல் என்று திருத்தினார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது அது. ஆனால் எங்கள் பக்கத்துத் தீப்பெட்டித் தொழில் சின்னச் சின்ன ஆபீஸ்களாகச் சிதறிக் கிடந்தது, பெட்டி ஒட்டும் வேலையை வீடுகளுக்கே கொடுத்தும் விடுவார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒட்டுகிறவளுக்கு எந்த முதலாளி எந்த அறையைக் கட்டித் தருவான்?

சத்துணவைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த திட்டம், முதலில் கிராமங்களில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்கு என்று வந்து, அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் விரிந்தது. பால்வாடியில் சோறு கிடைக்கும் என்றவுடன் இரண்டு வயதைத் தாண்டியவை அங்கே போய்விட்டன. அம்மாச்சிக்கு வருமானம் பாதியானது, அவரோ வாயெல்லாம் பல்லாக இருந்தார். நடக்கிற பிள்ளையைத்தான் தன்னால் ஓடிப் பிடிக்க முடியவில்லை என்பார். ஆனால் பால்வாடி திறப்பது காலை வெகுநேரம் கழித்து, தாய் வீட்டை விட்டுக் கிளம்புவது ஏழு மணிக்கு முன்பே. மாலையில் மூடுவது முன்கூட்டி, தாய் திரும்புவது விளக்கு வைத்தபின். ஆகவே அந்தக் குழந்தைகளும் காலையில் ஒரு பொழுது, மாலையில் ஒரு பொழுது என்று எங்கள் திண்ணையில் இருந்தார்கள். அதற்குக் கூலி வாங்கவில்லை. கைக்குழந்தைகளுக்கோ அந்த வீட்டைத் தவிர எதுவும் வரவில்லை.

*கேள்வி: அக்காக்கள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறியதா? (வாசகி, திருநெல்வேலி)*

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். நோட்டின் வலப்பக்கத்தில் பல இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. தம்பியை இடுப்பிலிருந்து இறக்கிவைத்த சிறுமி பள்ளிக்குப் போவாள் என்று அம்மாச்சி கணக்குப் போட்டார். கையில் வேலையில்லாமல் இருக்கும் சிறுமியையும் ஆபீசுக்கு அனுப்பினால் இன்னொரு கூலி வரும் என்று பசியோடு இருந்த வீடுகள் கணக்குப் போட்டன. விடியுமுன்பே கிராமம் கிராமமாக வேன் வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. தாம் செய்த உதவியே சில சிறுமிகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவைத்தது என்பது அம்மாச்சிக்குச் சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டார், இரண்டு வீட்டில் குழந்தையைச் சேர்க்க மாட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தார். சேர்க்காவிட்டால் அந்தச் சிறுமி ஆபீசை விட்டு நின்று மறுபடி தம்பியைத் தூக்கிக்கொண்டு அலைவாளே தவிர, பள்ளிக்கு எப்படியும் போக மாட்டாள் என்று தெரிந்தபின் நிபந்தனையைத் தளர்த்தினார். வகுப்பு எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டார்; அடித்தும் எழுதவில்லை, பொய்யும் எழுதவில்லை.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து தீப்பெட்டித் தயாரிப்பில் பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தடை செய்தது, ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்கிற வேலைக்கு விலக்கு இருந்ததால் பெட்டி ஒட்டுவது மட்டும் தொடர்ந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் வலப்பக்கம் மெல்ல நிரம்பத் தொடங்குவதை நோட்டில் பார்க்க முடிகிறது. அது எதனால் என்று ஒரே காரணம் சொல்ல மாட்டேன்: சத்துணவு ஒன்று, சட்டம் ஒன்று, வலுச்சண்டைக்குப் போகும் ஒரு கிழவியும் ஒன்று.

*கேள்வி: ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் வளர்த்த பாட்டி, சொந்தப் பேத்தியான உங்களுக்கு நேரம் ஒதுக்கினாரா? பொறாமை இருந்ததில்லையா? (வாசகர், தூத்துக்குடி)*

இருந்தது. மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்த மூன்றாண்டுகளில் ஒருமுறைகூட அவர் வந்து என்னைப் பார்க்கவில்லை. 1988இல் என் முதல் பிரசவத்தின்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார், கால்களை நீட்டி உட்கார்ந்து அவற்றின்மேல் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டினார், சாம்பிராணி காட்டினார், மாலை பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். "திங்கக்கிழம காலையில பன்னெண்டு வந்து நிக்குமே தாயி" என்றார். என்னைக் கவனிக்க என் அம்மா இருந்தார், அந்தப் பன்னிரண்டுக்கு அவரை விட்டால் ஆளில்லை என்பதெல்லாம் அறிவுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அந்த மாலையின் கோபம் இன்னும் முழுவதும் போய்விடவில்லை, அவரைத் தெய்வமாக்கி எழுதச் சொல்லிக் கேட்ட வாசகர்களுக்கு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

*கேள்வி: என் பாட்டியும் எங்கள் ஊரில் முப்பது ஆண்டுகள் குழந்தைகள் காப்பகம் நடத்தி, இந்த ஆண்டு காலமானார். முதலாம் ஆண்டு நினைவுநாளுக்கு மலர் வெளியிடலாம் என்கிறார் அண்ணன். பள்ளிக்கூடத்திற்குப் பாட்டி பெயர் எழுதிய மின்விசிறிகள் வாங்கித் தரலாம் என்கிறார் மாமா. எது பொருத்தம்? (வாசகி, தேனி)*

மின்விசிறி பயனுள்ள பொருள், தாராளமாகத் தாருங்கள். இறக்கையில் எழுதிய பெயரை அது ஓடும்போது யாரும் படிக்க முடியாது என்பதை மட்டும் மாமாவுக்கு நினைவூட்டுங்கள். மலர் வெளியிடுவதென்றால், 'தியாகச் சுடர்', 'அன்பின் சிகரம்' என்று உறவினர்கள் மாறிமாறி எழுதும் பக்கங்களைக் குறைத்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சொல்லுங்கள்.

நாங்கள் பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். அம்மாச்சி இறந்தபோது, அவர் வளர்த்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து நாலு வார்த்தை பேசச் சொல்லலாம் என்று என் தம்பி ஆசைப்பட்டான். சிலரைப் பிடித்தும் விட்டான். ஒருவர் லாரி செட் வைத்திருந்தார், ஒருவர் வங்கியில் இருந்தார். மரியாதையாகப் பேசினார்கள், ஆனால் யாருக்கும் எதுவும் நினைவில்லை. மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலானோருக்கு நினைவில் நிற்பதில்லை என்பது நாங்கள் யோசித்திருக்க வேண்டிய விஷயம். ஒருவனுடைய வாழ்நாளில் அவனே மறந்துபோகப் போகிற பகுதியைத்தான் அம்மாச்சி இருபத்தாறு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, நாங்கள் அழைக்காத பெண்கள் பலர் வந்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட வயது, எனக்கு முகம் தெரியவில்லை. யாரென்று கேட்டபோது ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லாமல் ஒரு ஆணின் பெயரையோ தங்கையின் பெயரையோ சொல்லி, "அவனுக்கு அக்கா" என்றார்கள். அப்போதுதான் நோட்டை எடுத்து வந்தேன். இடப்பக்கத்துப் பெயரைச் சொன்னால் வலப்பக்கத்தில் அவர்கள் இருந்தார்கள். ஒருவர் அரசு மருத்துவமனையில் செவிலியர், ஒருவர் ஆசிரியை, இரண்டு மூன்று பேர் மில் வேலை. ஒரு பெண்ணுக்கு நேரே வகுப்பு எழுதப்படவில்லை. அதைக் காட்டத் தயங்கி நோட்டை மூடப்போனேன். "தெரியும்மா, நான் ஆபீசுக்குல்ல போனேன். தெனமும் சாயங்காலம் தம்பியத் தூக்க வரும்போது ஆச்சி எனக்கு ஒரு உருண்டை பொரிகடலை மாவு எடுத்து வச்சிருக்கும். அதுக்காக ஓடியாருவேன்" என்றார். நாங்கள் யாரும் அறியாத செய்தி அது. பன்னிரண்டு குழந்தைகளுக்குப் பிடித்த உருண்டைகளில் அந்தப் பதின்மூன்றாவது எப்படிக் கணக்கில் வந்தது என்று அத்தையைக் கேட்டோம், அத்தைக்குக் காது கேட்கவில்லை.

எனவே உங்கள் பாட்டியிடம் வளர்ந்தவர்களைத் தேடுமுன் அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களைத் தேடுங்கள். தாய்மாருக்கு இப்போது வயதாகியிருக்கும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். கூலி எவ்வளவு, காய்ச்சல் வந்தால் என்ன செய்தார், யாரோடு சண்டை போட்டார் என்று சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். நல்லவர்தானே என்று கேட்டால் ஆமாம் என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள். சொன்னதைச் சொன்னபடி அச்சிட்டால் மலர் தானாக அமைந்துவிடும். பாட்டி ஏதாவது கணக்கு நோட்டு வைத்திருந்தால் அதைப் பழைய பேப்பர்காரர் வருமுன் எடுத்து வையுங்கள்.

*கேள்வி: நானும் சாத்தூர்க்காரன். அந்த வீடு இப்போது இருக்கிறதா? (வாசகர், சாத்தூர்)*

இருக்கிறது, எங்களுடையதாக இல்லை. விற்று வெகு காலமாகிவிட்டது. வாங்கியவர் முன்புறத்தில் சேவுக்கடை வைத்திருக்கிறார். போன மாதம் போயிருந்தேன். உத்திரத்து வளையங்கள் அப்படியே இருக்கின்றன, ஆறில் பொட்டலச் சரங்களைத் தொங்கவிட்டிருக்கிறார். ஏழாவதில் ஏன் ஒன்றும் மாட்டவில்லை என்று கேட்டேன். அது உயரமாக இருக்கிறது, கைக்கு எட்டவில்லை என்றார். உண்மைதான், 1974க்குப் பிறகு அடித்த வளையம் அது. அம்மாச்சி முக்காலி போட்டு ஏறி அதில் வாசல் சாவியை மாட்டி வைப்பார்.